பால் வகுப்பில் பத்தொன்பதாம் ஆண்டு

மேங் போங்இம் பத்தொன்பது ஆண்டுகளாகப் பால் குடித்துக்கொண்டிருந்தாள். வயது அறுபத்துநான்கு. பல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காய்ந்த கணவாயை நெருப்பில் வாட்டிக் கொடுத்தால் கடகடவென்று மென்று தள்ளிவிடுவாள். ஆனாலும் பூசான் துறைமுகத்தை ஒட்டிய யோங்தோ தீவில் இருக்கும் துறைமுக ஒளி சபையின் ஏடுகளில் அவள் இன்னும் பால்குடிதான்.

இதற்குக் காரணம் மூப்பர் தாக். முப்பத்தொரு வருடம் சுங்க இலாகாவில் பெட்டிகளைத் திறந்து பார்த்து ஓய்வு பெற்றவர். சபையின் கல்விக் குழுவுக்குத் தலைவரானதும் வேதத்தைத் திறந்து பார்த்தார். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தில், பால் குடிக்கிறவன் குழந்தை, கெட்டியான ஆகாரம் தேறினவர்களுக்கே என்று இருந்தது. மற்றவர்கள் இதைப் படித்துத் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். மூப்பர் தாக் அட்டவணை போட்டார். பால் வகுப்பு, கஞ்சி வகுப்பு, சோற்று வகுப்பு, கெட்டி ஆகார வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் கழுத்துப்பட்டை, ஒரு பாடப்புத்தகம், ஒரு தேர்வு. நான்கையும் கடந்தவருக்குப் போதகம் செய்ய உரிமம்.

வகுப்புகள் ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு. ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, எல்லோரும் வயிறு நிறைந்து உட்காரும் நேரம். அதே ஒரு மணிக்குத்தான் சபையின் சமையலறையில் முந்நூற்று இருபது கிண்ணங்களும் அதற்கேற்ற தட்டுகளும் கரண்டிகளும் வந்து குவியும். அவற்றைக் கழுவுவது போங்இம். வகுப்புக்கு எண்பது சதவீத வருகை வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளில் அவளுடைய வருகை மொத்தம் நான்கு நாள். அந்த நான்கு நாளும் குழாயில் தண்ணீர் வரவில்லை.

"சகோதரி, உங்க ஆவிக்குரிய வளர்ச்சி எனக்கு ரொம்பக் கவலையா இருக்கு," என்று மூப்பர் தாக் ஒவ்வொரு ஆண்டும் சொல்வார். சொல்லிக்கொண்டே தன் சாப்பாட்டுத் தட்டை அவளிடம் நீட்டுவார்.

போங்இம்முக்கு வலது காது முழுதாகக் கேட்காது, இடது காது பாதி கேட்கும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கப்பல் பட்டறையில் இரும்புச் சுத்தியலால் துரு தட்டியவள். அதனால் ரகசியம் பேசினாலும் கூப்பிடு தூரத்துக்குக் கேட்கும். இந்தக் குரல்தான் அவளைக் காட்டிக்கொடுத்தது.

போன அக்டோபரில் கூ தோக்பே என்கிற ஆள் சபைக்கு வந்தான். நாற்பத்தேழு வயது, தூரக் கடலில் சூரை மீன் பிடிக்கும் கப்பலில் சமையல்காரன். கப்பல் பழுது பார்க்க நின்றதால் கரையில் இருந்தான். இலவசச் சாப்பாட்டுக்குத்தான் வந்தான், அதை அவனே சொன்னான். சாப்பிட்டு முடித்ததும் கழுவுமிடத்தில் கிண்ண மலையைப் பார்த்தான். சமையல்காரனுக்கு அதைப் பார்த்துவிட்டு சும்மா போக மனசு வராது. சட்டைக் கையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

மூன்றாவது ஞாயிறு, கிண்ணத்தைத் துடைத்தபடியே கேட்டான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். போன தடவ கப்பல்ல ஒருத்தனுக்குக் காய்ச்சல். துறைமுகம் ஒன்பது நாள் தூரம். கடைசி நாள் என் கையப் புடிச்சிக்கிட்டு, 'அண்ணே, ஏதாச்சும் சொல்லுங்கண்ணே'ன்னான். எனக்கு என்ன தெரியும்? 'கஞ்சி வேணுமாடா'ன்னு கேட்டேன். அதான் அக்கா அவன் கடைசியாக் கேட்ட வார்த்த. என்ன சொல்லியிருக்கணும்?"

போங்இம் குழாயை மூடினாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் அவள் இன்னும் சத்தமாகப் பேசுவாள்.

"நீ கேட்டது தப்பில்லடா. செத்து உயிரோட எழுந்து வந்த ஆண்டவரு ஒரு நாள் விடியக்காலையில என்ன பண்ணாரு தெரியுமா? கடற்கரையில அடுப்பு மூட்டினாரு. ராத்திரி முழுக்க வலை போட்டு ஒண்ணும் கிடைக்காம வந்தாங்க பாரு சிஷ்யனுங்க, அவங்களுக்கு மீனச் சுட்டு வச்சிக்கிட்டு, 'வாங்கடா, சாப்பிடுங்க'ன்னாரு. பிரசங்கம் எல்லாம் அதுக்கப்புறம்தான்."

தோக்பே வாயைப் பிளந்தான். "சமையல்காரரா அவரு?"

"அன்னைக்குக் காலையில வேற என்ன?"

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கிண்ணம் கழுவக் கழுவக் கதை ஓடியது. யோனா காசு கொடுத்துக் கப்பலேறி ஓடினது, பவுல் கப்பல் உடைந்து கரை ஒதுங்கினது, பாலைவனச் சாலையில் ரதத்தில் போன எத்தியோப்பிய அதிகாரி, "ஒருத்தர் சொல்லித் தராட்டா எனக்கு எப்படிப் புரியும்" என்று கேட்டது. தோக்பே கடகடவென்று சிரிப்பான், சில சமயம் மூக்கைச் சிந்துவான். கிறிஸ்துமஸ் வந்தபோது, ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றான். ஈஸ்டர் முடிந்த செவ்வாய் கப்பல் கிளம்புகிறது. திரும்பப் பதினெட்டு மாதம் ஆகும். "இந்தத் தடவ எவனாச்சும் கையப் புடிச்சா, நானும் ஒரு ஆளா நின்னு சொல்லணும் அக்கா," என்றான்.

சமையலறைக்கும் கெட்டி ஆகார வகுப்புக்கும் நடுவே ஒரு பரிமாறும் ஜன்னல்தான். ஜனவரியில் ஒரு ஞாயிறு, மூப்பர் தாக் நான்காம் பாகம் எட்டாம் அத்தியாயத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, வகுப்பில் இருந்த இருபத்தாறு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவர் சிரிக்கும்படி எதுவும் சொல்லவில்லை. அவர் ஒருபோதும் சொன்னதில்லை. யோனா மீன் வயிற்றுக்குள் எதைத் தின்றிருப்பான் என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு வாதம் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் போங்இம்முக்கு அழைப்பாணை வந்தது. மூத்த போதகர் ஓய்வாண்டு என்று அமெரிக்கா போயிருந்தார். அதனால் சபையில் மூப்பர் தாக் வைத்ததுதான் சட்டம். குழுவில் பன்னிரண்டு பேர் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் துணைப் போதகர் யோம் குறிப்பெடுத்தார். நாற்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள். அவருடைய வேலை ஒப்பந்தத்தை மூப்பர்கள் ஆண்டுதோறும் புதுப்பிப்பதால் ஆண்டு முழுக்கக் குனிந்தே குறிப்பெடுப்பவர்.

"மேங் சகோதரி," என்றார் மூப்பர் தாக், "உங்க மேல ரெண்டு குற்றச்சாட்டு. முதலாவது, நீங்க போதிச்சீங்க. யாக்கோபு நிருபம் மூணாம் அதிகாரம், உங்களில் அநேகர் போதகராகாதீங்கன்னு சொல்லுது. அநேகர்னா எத்தனை பேர்? அப்போஸ்தலர் எண்ணிக்கை சொல்லாம விட்டுட்டாரு. பாவம், அவசரம். நாங்க ஏழு கூட்டம் போட்டு முடிவு பண்ணினோம். பன்னிரண்டு வரைக்கும் சிலர். பதிமூணாவது ஆள் வந்தா அநேகர். பன்னிரண்டு இடமும் இப்ப நிறைஞ்சிருக்கு."

"எந்தப் பன்னிரண்டு பேரு மூப்பரய்யா?"

"நாங்கதான்."

"ஓஹோ."

"ஆண்டவரே பன்னிரண்டோட நிறுத்திக்கிட்டாரே, சகோதரி."

"அதுல ஒருத்தன் சரியில்லாமப் போயிட்டானே," என்றாள் போங்இம். கிண்டல் இல்லை, நிஜமாகவே வருத்தத்தோடுதான் சொன்னாள். பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோமின் பேனா கீழே விழுந்தது.

மூப்பர் தாக் தொண்டையைச் செருமினார். "ரெண்டாவது குற்றச்சாட்டு, நீங்க போதகராகல. எபிரெயர் அஞ்சாம் அதிகாரம், இத்தனை காலத்துக்கு நீங்களே போதகராயிருக்க வேண்டியவங்க, இன்னும் பால் குடிக்கிறீங்களேன்னு கண்டிக்குது. பத்தொன்பது வருஷம்! வெக்கமா இல்ல?"

போங்இம் இடது காதை முன்னால் சாய்த்தாள். "கொஞ்சம் இருங்க, சரியாக் கேட்டுச்சான்னு தெரியல. சொல்லிக்கொடுத்தது தப்பு."

"ஆமா."

"சொல்லிக்கொடுக்காம இருந்ததும் தப்பு."

"அதுவும் ஆமா. வேதத்துல ரெண்டும் இருக்கு. முரண்பாடுன்னு வெளியாளுங்க சொல்லுவாங்க. எங்களுக்கு முரண்பாடே கிடையாது. ரெண்டு விதியையும் சேர்த்தே அமல்படுத்துறோம்."

ஏதோ ஞாபகம் வந்து கேட்டாள். "யோவான் எழுதினதுல, ஒருத்தரும் உங்களுக்குப் போதிக்க வேண்டியதில்ல, உள்ள இருக்கிற அபிஷேகமே சொல்லித்தரும்னு இருக்கே ஐயா?"

"அதுக்குத்தான் ஒரு பத்து வாரப் பாடம் தயாராகுது," என்றார் மூப்பர். "கட்டாய வருகை. அந்த வசனத்த நாங்க போதிக்காம நீங்களாப் புரிஞ்சிக்கிட்டா ஆபத்து."

புத்தகத்தின் மாதிரிப் பிரதி மேசை மேல் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதிகப் படிப்பு உடம்புக்கு இளைப்பு என்று பிரசங்கி சொன்னதற்கு மட்டும் எழுபது பக்கம் ஒதுக்கி, முடிவில் கழுத்தைச் சுழற்றும் பயிற்சிக்குப் படம் போட்டிருந்தார்கள்.

இனி ஆண்பிள்ளைக்கு ஒரு பெண் போதித்தது என்கிற விஷயம். தீமோத்தேயுவுக்கு எழுதினதில் கூடாது; தீத்துவுக்கு எழுதினதில் வயதான பெண்கள் நல்லதைப் போதிக்கலாம், ஆனால் இளம் பெண்களுக்கு. தோக்பேயை இளம்பெண்ணாகக் கணக்கில் எடுக்க முடியுமா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அவனுடைய தாடியைக் குழு நினைத்துப் பார்த்துக் கைவிட்டது. கடைசியில் மூப்பர் தாக்கே வழி கண்டுபிடித்தார். பிரிஸ்கில்லாள் அப்பொல்லோவுக்கு விளக்கிச் சொன்னபோது அவள் கணவன் ஆக்கில்லாவும் கூடவே இருந்தான். எனவே போங்இம் கிண்ணம் கழுவும்போது பேசலாம். ஆனால் அது போதனை ஆகாது, 'விளக்கம்' எனப்படும். அவள் கணவன் உடனிருக்க வேண்டும்.

கணவன் சூகில் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சபைப் பக்கமே வராத ஆள். ஞாயிறு என்றால் அவருக்கு மலையேற்றமும் மாலையில் ஒரு கிண்ணம் மக்கொல்லி அரிசிக் கள்ளும்தான்.

"நான் எதுக்குடி வரணும்?"

"சும்மா வந்து உக்காருங்க. நீங்க இருந்தாத்தான் நான் பேசலாமாம்."

"நான் இருந்தப்ப நீ எப்ப பேசாம இருந்த?" என்று கேட்டவர், சாப்பாட்டில் மாட்டிறைச்சிச் சாறு உண்டு என்று தெரிந்ததும் கிளம்பி வந்தார். அவர் கழுத்தில் ஊதா நிறப் பட்டை மாட்டினார்கள். அட்டையில் 'அதிகாரபூர்வ உடனிருப்பவர்' என்று அச்சடித்து, சபை முத்திரையும் குத்தியிருந்தது. அவரைக் கிம்ச்சி ஊறுகாய்த் தொட்டியின் மூடி மேல் உட்காரவைத்தார்கள். சாறு குடித்த வயிறு, சமையலறைச் சூடு. கதையில் யோசேப்பைக் குழியில் தள்ளுவதற்குள் சூகில் குறட்டை விட ஆரம்பித்தார். பரிமாறும் ஜன்னல் வழியாக ஒரு உறுப்பினர் வாராவாரம் எட்டிப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டு போனார்.

என்ன எழுதினார் என்பது ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை தெரிந்தது. அன்று ஞானஸ்நானத் தேர்வு. தோக்பே தலைக்கு எண்ணெய் தடவிச் சீவிக்கொண்டு, எவனிடமோ இரவல் வாங்கின கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். போங்இம் சுவரோரம் நின்றாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். சமையல் மணம் வீசும் பதில்கள், ஆனால் சரியான பதில்கள். விசுவாசப் பிரமாணத்தைத் தடுமாறாமல் ஒப்பித்தான். யோமுக்குக் கண் கலங்கியது. உடனே குனிந்து எழுதினார்.

"எல்லாம் சரி," என்றார் மூப்பர் தாக். "பதிவேட்டுல ஏழாவது கட்டம். போதித்தவர் பெயர், உரிம எண்."

"மேங் அக்கா. எண்ணு... அக்கா, உங்க எண்ணு என்ன?"

"அவங்க விளக்கம்தான் சொல்லலாம். அதுவும் கணவர் உடனிருந்தா. பதிவேட்டுப்படி பதினாலு ஞாயிறுல பதினொரு ஞாயிறு கணவர் தூங்கியிருக்கார். ஆக்கில்லா தூங்கினதா வேதத்துல எங்கயும் இல்ல. ஆகவே நீங்க எதையும் கத்துக்கல."

"கத்துக்கிட்டேனே ஐயா. இப்பத்தான சொன்னேன்?"

"தம்பி, நான் சுங்கத்துல இருந்தவன். ஒருத்தன் நூறு சதம் சுத்தமான தங்கம் கொண்டு வருவான். தங்கம் சுத்தமா இல்லையான்னு நான் பார்க்க மாட்டேன். எந்த வாசல் வழியா வந்ததுன்னுதான் பார்ப்பேன். சத்தியமும் அப்படித்தான். சரியா இருந்தா மட்டும் போதுமா? எங்க முத்திரை இல்லாம வந்த சத்தியம் கடத்தல் சத்தியம். அடுத்த ஈஸ்டருக்குப் பால் வகுப்பு முடிச்சிட்டு வாங்க."

"அடுத்த ஈஸ்டருக்கு நான் கடல்ல இருப்பேன் ஐயா."

"கடல்லயும் ஈஸ்டர் வரும்," என்றார் மூப்பர் அன்போடு.

தன்னைப் பால்குடி என்று எழுதினபோது வராத கோபம் போங்இம்முக்கு இப்போது வந்தது. தான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் இவன் எவரோ ஒரு உரிமக்காரரிடம் போயிருப்பான், ஒருவேளை கட்டம் நிரம்பியிருக்கும் என்றும் தோன்றியது. அந்த நினைப்புதான் அதிகமாக வலித்தது. வெளியே வந்ததும் தோக்பே கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டான். "விடுங்க அக்கா. நாளைக்குக் கிண்ணம் அதிகமா இருக்கும்ல? சீக்கிரம் வர்றேன்," என்றான்.

ஈஸ்டர் ஞாயிறு கிண்ணம் அதிகமாகத்தான் இருந்தது. முட்டை அவித்த அண்டாக்கள் வேறு. சூகில் தன் மூடி மேல் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தார். துணைப் போதகர் யோம் குடிக்கக் கொஞ்சம் பார்லித் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். தோக்பே கிண்ணத்தை அலசியபடி, சாதாரணமாகத்தான் கேட்டான்.

"அக்கா, அந்த ரதத்துல போன அதிகாரி, அவரு எந்த வகுப்பு முடிச்சாரு?"

"அவரு எங்கடா முடிச்சாரு? வழியில குளத்தப் பார்த்தாரு. 'இதோ தண்ணி இருக்கே, எனக்கு என்ன தடை'ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். பிலிப்பு உடனே இறங்கிக் குடுத்தாரு."

தோக்பே தொட்டியைப் பார்த்தான். கடைசி அலசலுக்குப் பிடித்த தண்ணீர், நிறைந்து தளும்பியது. பிறகு யோமைப் பார்த்தான். போங்இம்மும் குழாயை மூடிவிட்டு யோமைப் பார்த்தாள்.

யோம் கையிலிருந்த டம்ளரைக் குடித்துக் காலி செய்தார். ஒப்பந்தம், வாடகை வீடு, பெரியவளின் பியானோ வகுப்பு எல்லாம் அவர் முகத்தில் வரிசையாக வந்து போயின. "பதிவேடு..." என்றார். "சாட்சி வேணும். அதிகாரபூர்வ..."

போங்இம் போய்க் கணவரின் விலாவில் ஒரு குத்து விட்டாள். துரு தட்டின கை. சூகில் துள்ளி எழுந்தார்.

"முழிச்சித்தான் இருக்கேன்! நான் தூங்கல!"

"நல்லது," என்றார் யோம். டம்ளரை வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடக்கினார். தோக்பே ஈரத் தரையில் மண்டியிட்டான். யோம் சாறு ஊற்றும் வெண்கிண்ணம் ஒன்றில் தண்ணீரை மொண்டு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மும்முறை தலையில் தெளித்தார். அவர் குரல் முதன்முறையாகக் குனியாமல் வந்தது. தோக்பேயின் எண்ணெய்த் தலையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு சட்டைக்குள் போனது. அவன் அழுதான், போங்இம் அழுதாள். அவள் அழுததைக் கெட்டி ஆகார வகுப்பு முழுவதும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை கப்பல் போய்விட்டது. குழு ஒன்பது கூட்டம் போட்டது. ஞானஸ்நானத்தை ரத்து செய்ய வழியில்லை; கொடுத்தவர் குருப்பட்டம் பெற்றவர், தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது, அதிகாரபூர்வ உடனிருப்பவர் விழித்திருந்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். முடிவில் பதிவேட்டின் ஏழாம் கட்டத்தில் 'போதித்தவர்: கல்விக் குழு, பன்னிருவர்' என்று எழுதி முத்திரை குத்தினார்கள். யோமின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் இன்னும் படிக்க வேண்டியவர் என்று பாராட்டி அனுப்பிவைத்தார்கள். போங்இம்மைச் சமையலறையிலிருந்து விலக்கி, பத்து வாரப் பாடத்தில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். கிண்ணங்களைச் சுழற்சி முறையில் யார் கழுவுவது என்று ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அது ஆராய்ந்துகொண்டிருந்தது.

ஆறாவது வாரம். பால் வகுப்புப் பெண்கள் முப்பது பேர் நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவரும் உங்களுக்குப் போதிக்க வேண்டியதில்லை என்பதன் மூன்றாம் உட்பிரிவை மூப்பர் தாக் போதித்துக்கொண்டிருந்தார். போங்இம்மின் பையில் கைபேசி அலறியது. காது மந்தம் என்பதால் அவள் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவாள்.

"அக்கா! தோக்பே! கப்பல்லேருந்து!" இரைச்சலுக்கு நடுவே குரல் அறை முழுக்க நிறைந்தது. "இங்க மூணு பேரு தினம் வந்து நிக்கிறாங்க அக்கா. நான் பாத்திரம் கழுவும்போது அந்த மீன் சுட்ட கதையச் சொன்னேன். விட மாட்டேங்கிறானுங்க. எனக்கு உரிமம் கிரிமம் ஒண்ணும் இல்லையே, மேல சொல்லலாமா? மூப்பர்கிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்!"

முப்பது தலைகளும் மூப்பர் பக்கம் திரும்பின. மூப்பர் தாக் பேனாவை எடுத்தார். "பதிமூணு, பதினாலு..." என்று ஆரம்பித்து, "கப்பல் எந்த எல்லைக்குள்ள வருதுன்னு முதல்ல..." என்று நிறுத்தினார்.

போங்இம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அவளுக்கு அவர் சொன்னது காதிலும் விழவில்லை. "டேய், பாத்திரம் சுத்தமா இருக்கா?"

"பளபளன்னு இருக்கு அக்கா!"

"அப்ப மீதியையும் சொல்லு!"

கைபேசியைப் பையில் போட்டாள். புத்தகத்தை மூடி நாற்காலி மேல் வைத்தாள். பரிமாறும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முந்நூற்று இருபது கிண்ணங்கள் கழுவாமல் மிளகாய்ச் சிவப்பாய்க் காய்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. எழுந்து போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு பெண் எழுந்தாள், பிறகு இரண்டு பேர், பிறகு ஒரு வரிசை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வர ஆரம்பித்தது.

மூப்பர் தாக் முப்பது காலி நாற்காலிகளுக்கு முன்னால் மூன்றாம் உட்பிரிவைப் படித்து முடித்தார். பிறகு வருகைப் பதிவேட்டைத் திறந்து, 'ஒருவரும் உங்களுக்குப் போதிக்க வேண்டியதில்லை: பாடம் நடத்தப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்தினார்.